இடது சுண்டுவிரல்

"எனக்கும் அவளுக்கும் ஆகாது. அதை முதல்லயே சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தாள் வந்தவள். நாற்காலியில் இன்னும் சரியாக உட்காரக்கூட இல்லை. "ஆனா என் மருமக திருடி இல்ல. இருந்திருந்தா எனக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கும். வந்த நாள்லேருந்து கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்க்கிறேன், ஒண்ணும் சிக்கலை. பீரோ சாவியை எங்கிட்டக் குடுக்க மாட்டா. அதைத் தவிர அவ மேல சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

அண்ணியின் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்து யார் யாரோ யார் யாருக்காகவோ பரிந்து பேசியிருக்கிறார்கள். இத்தனை ஏமாற்றத்தோடு ஒருவர் நற்சான்றிதழ் கொடுப்பதைக் கொழுந்தன் இப்போதுதான் பார்த்தான். அவன் அண்ணியின் கணவனுக்குத் தம்பி. நல்ல வேலை கிடைக்கும்வரை என்று அண்ணிக்கு உதவியாளாகச் சேர்ந்தவன், நல்ல வேலை கிடைத்தும் போகாமல் ஒட்டிக்கொண்டான். இங்கேதான் வாயை அடக்காமல் சம்பளம் வாங்க முடிந்தது.

மாமியார் சொன்ன விஷயம் இதுதான். மருமகளுக்குப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் அனுமதி அலுவலர் வேலை. மேஜைமேல் இருக்கும் கருவியில் அவள் விரலை வைத்தால்தான் பாஸ்போர்ட் அச்சாகும். போலீஸ் வலைவீசித் தேடிக்கொண்டிருந்த ஐந்து பேர் பொய்ப் பெயரில் புத்தம்புது பாஸ்போர்ட் வாங்கி, விமானத்தில் ஜன்னலோர இருக்கை கேட்டு வாங்கிப் பறந்துவிட்டார்கள். ஐந்துக்கும் அனுமதி கொடுத்தது அவள் விரல். தலைமையகம் விசாரணை வைத்திருக்கிறது, இன்றைக்கு அதன் கடைசி நாள். மாலையில் இன்ஸ்பெக்டர் வந்து அவளை அழைத்துப் போவார்.

"அவங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"'நான் பண்ணலை'ங்கிறா. அதுக்கு மேல வாயைத் திறக்க மாட்டேங்கிறா. எங்கிட்ட ஒரு வார்த்தைக்குப் பத்து வார்த்தை பேசுறவ, அங்க போய் ஊமை மாதிரி நிக்கிறா. அதுதான் எனக்கு உதைக்குது."

"துணைக்கு ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு வரலாம்னு விசாரணையில விதி இருக்குமே?"

"அதுக்குத்தானே உங்ககிட்ட வந்தேன்! நானே போயிருப்பேன். நான் போனா அவளுக்கு எதிரா சாட்சி சொல்ல வந்திருக்கேன்னு நினைச்சுக்குவாங்க."

*

அலுவலக நடைக்குக் குறுக்கே ஒரு கண்ணாடிக் கதவு. அதன் பக்கத்துச் சுவரில் விரல் வைக்கும் இயந்திரம். ஊழியர்கள் விரல் வைத்தால் வருகை பதிவாகும், கதவும் திறக்கும். வெளியாட்களுக்குக் காவலாளிதான் தன் விரலை வைத்துத் திறந்துவிடுவார்.

மாமியாரை வரவேற்பு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வந்த கொழுந்தன், இயந்திரத்தை உற்றுப் பார்த்தான். அதன் ஸ்பீக்கர் ஓட்டைகளில் பஞ்சை அடைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"இதுக்கு என்ன, வாயில அடிபட்டுடுச்சா?"

"ஓயாம வணக்கம் சொல்லிக்கிட்டே இருக்கும் தம்பி. காது வலிக்குது" என்றார் காவலாளி.

"காது வலிச்சா நம்ம காதுலல்ல பஞ்சு வைக்கணும்? அது வாயில ஏன் வெச்சீங்க?"

காவலாளி அவசரமாகக் கூரையில் எதையோ தேடினார். அண்ணி பிளாஸ்திரியைப் பார்த்தாள், காவலாளியைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் எதையோ எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள் என்று அர்த்தம்.

அந்த நேரம் பார்த்து மண்டல இயக்குநர் வந்து சேர்ந்தார். உச்சி வெயில் ஏறிய பிறகு அலுவலகம் வருவதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இருப்பதாகத் தெரியவில்லை. அவர் கை இயந்திரத்தின் பக்கம் போகவே இல்லை. காவலாளி விரலை வைத்துக் கதவைத் திறந்துவிட, அவர் காற்றுப்போல் உள்ளே போனார். போகிற போக்கில், "விசாரணையில நான் தலையிட முடியாது, சட்டம் தன் கடமையைச் செய்யும்" என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போனார்.

விசாரணை நடந்தது கூட்ட அறையில். அதன் கதவைக் கொழுந்தன் தள்ளினான், இழுத்தான், தோளால் ஒரு இடி இடித்தான். கதவு அசையவில்லை, தோள்தான் அசைந்தது.

"நகருங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சலவை மடிப்புக் கலையாத ஒரு மனிதர் கைப்பிடியைச் சற்றே தூக்கி, காலால் கதவின் கீழ்மூலையில் ஒரு தட்டுத் தட்டினார். கதவு வெண்ணெயாகத் திறந்தது. அவர்தான் விசாரணை அதிகாரி, தலைமையகத்தின் பாதுகாப்புப் பிரிவுத் தலைவர். மாதாமாதம் வந்து பாதுகாப்பு வகுப்பு எடுப்பார். ஒவ்வொரு வகுப்பையும் ஒரு பெரிய பித்தளைப் பூட்டை மேஜையில் 'டங்'கென்று வைத்துத்தான் ஆரம்பிப்பார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குப் பூட்டு சார் என்று பெயர். இன்றைக்கும் பூட்டு மேஜையில் இருந்தது. அதற்கு எதிரே, தூங்கிப் பல நாளான கண்களோடு அனுமதி அலுவலர் உட்கார்ந்திருந்தாள்.

"இயந்திரம் தப்புப் பண்ணாது. மனுஷன்தான் தப்புப் பண்ணுவான்" என்றார் பூட்டு சார். "ஐந்து அனுமதியும் இந்த அம்மா விரல்லதான் வந்திருக்கு. எந்த விரல்னுகூட இயந்திரம் சொல்லுது. இடது சுண்டுவிரல்."

"பக்கத்துல ஒன்பது விரல் சும்மா இருக்கும்போது, எட்டாத சுண்டுவிரலை எதுக்கு வளைச்சு வைக்கணும்?" என்று கேட்டாள் அண்ணி.

"திருடிக்கு எந்த விரல் வசதின்னு எனக்கெப்படித் தெரியும்?"

அனுமதி அலுவலர் தலையைக் குனிந்துகொண்டாள். இடது கையை மேஜைக்கடியில் இறக்கிக்கொண்டதைக் கொழுந்தன் கவனித்தான்.

"அந்த அனுமதியெல்லாம் எந்தெந்த நாள்ல நடந்துச்சு?"

தேதிகளை அவர் வாசித்தார். கொழுந்தன் அவற்றைச் சுமந்துகொண்டு வெளியே போய், பாஸ்போர்ட்டுகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்த முத்திரை அக்காவிடம் நீட்டினான். பருத்த உருவம், சிரித்த முகம், கையில் ஓயாத முத்திரை.

"இந்த நாள்லயா?" என்றாள் அக்கா. "அன்னிக்கெல்லாம் இங்க ஈ காக்கா இருக்காதே தம்பி. பூட்டு சார் கிளாஸு. வாசல்ல நிக்கிற காவலாளி தவிர எல்லாரும் உள்ள போயாகணும். லைட்டை அணைச்சுப் படம் போடுவார். 'உங்கள் கணினியைக் கவனிப்பாரின்றி விட்டுச் செல்லாதீர்கள்'னு படம்."

"அதைப் பார்க்கறதுக்காக எல்லாரும் கணினியைக் கவனிப்பாரில்லாம விட்டுட்டுப் போவீங்க."

"கட்டாய வகுப்பாச்சே!"

"இவங்களும் உள்ளதானே இருந்தாங்க? அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னோமே! நாங்க அத்தனை பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசைன்னுட்டாங்க. இருட்டுல யார் எழுந்து போனாங்கன்னு யாருக்குத் தெரியும்னு கேட்டுட்டாங்க. ஒரு மெஷினுக்கு இருக்கிற மரியாதை ஒரு ஆபீஸுக்கே இல்ல தம்பி." சட்டென்று அக்காவின் குரல் இறங்கியது. "அவ பாவம். எங்க வாயையும் கட்டிப்போட்டிருக்கு."

எது கட்டிப்போட்டது என்று கேட்பதற்குள் முத்திரை மறுபடி வேகம் பிடித்துவிட்டது.

*

தேநீர் இடைவேளைக்கு எல்லோரும் நடைக்கு வந்தபோது அண்ணி பிளாஸ்திரியைப் பிய்த்தாள். பஞ்சை எடுத்துக் கொழுந்தன் கையில் வைத்தாள்.

"ஐயோ மேடம், அது..." என்றார் காவலாளி.

"விரலை வைங்க."

அவர் வைத்தார். "வணக்கம், காவலர்!" என்றது ஒரு தேன் குரல். கதவு திறந்து மூடியது.

நடை அப்படியே உறைந்தது. தேநீர்க் கோப்பைகள் பாதி வழியில் நின்றன. கோப்புப் பிரிவுக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது. வேறொருவருக்கு அவசரமாகத் தலைவலி.

"இவ்வளவு மரியாதையான மெஷினை இந்த ஆபீஸுல யாருக்கும் பிடிக்கலையே அண்ணி" என்றான் கொழுந்தன்.

"யாருன்னு பதவியைச் சொல்லிச் சத்தமா வணக்கம் வைக்குதே, அதான்." அண்ணி அனுமதி அலுவலரை அருகே அழைத்தாள். "கட்டைவிரலை வைங்க."

"வணக்கம், அனுமதி அலுவலர்!"

"இப்ப இடது சுண்டுவிரல்."

அவள் அசையவில்லை. அண்ணி அந்தக் கையை மெதுவாகப் பிடித்து, காய்ச்சல் குழந்தைக்கு மருந்து கொடுப்பதுபோல, சுண்டுவிரலை எடுத்து வைத்தாள்.

"மன்னிக்கவும். தங்களை அடையாளம் தெரியவில்லை."

அந்த ஐந்து பாஸ்போர்ட்டுக்கும் அனுமதி கொடுத்த விரல் அவள் கையிலேயே இல்லை. சுற்றியிருந்த கூட்டம் சொல்லிவைத்ததுபோல் கலைந்தது. அண்ணி அவளை நகலெடுக்கும் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். அழுகை அதுவரை கதவு சாத்தத்தான் காத்திருந்தது போலும்.

"மெஷின் வந்த புதுசுல வருகைக்கு மட்டும்தான் மேடம்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "கொஞ்சம் லேட்டானாலும் அரை நாள் சம்பளம் போயிடும். ஒருத்தருக்குக் குழந்தையை ஸ்கூல்ல விடணும், ஒருத்தருக்கு அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். ஆளுக்குப் பத்து விரல் பதியலாம்னாங்க. நமக்கெதுக்குப் பத்து? ரெண்டு மூணு விரலைச் சொந்தமா வெச்சுக்கிட்டு, மிச்ச இடத்தை ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்கிட்டோம். என் இடது சுண்டுவிரல்னு மெஷின் நினைச்சுக்கிட்டிருக்கிறது இன்னொருத்தரோட கட்டைவிரல். நான் லேட்டானா அவர் எனக்காக வைப்பார்."

"கைமாத்து கேள்விப்பட்டிருக்கேன்" என்றான் கொழுந்தன். "விரலையும் மாத்துக் குடுப்பாங்கன்னு இன்னிக்குத்தான் தெரியும்."

"நீ சும்மா இரு தம்பி. அப்புறம்?"

"அப்புறம் தலைமையகத்துலேருந்து உத்தரவு. வருகைக்குப் பதிஞ்ச விரலையே பாஸ்போர்ட் அனுமதிக்கும் வெச்சுக்கலாம், செலவு மிச்சம்னு. ஒரே ராத்திரியில ரெண்டையும் இணைச்சுட்டாங்க. எங்களுக்குப் பகீர்னு ஆச்சு. ஆனா போய் எப்படிச் சொல்றது? சொன்னா எல்லாருக்கும் வேலை போயிடும்."

"அந்தக் கட்டைவிரல்காரர் எங்கே?"

"அவர் இப்ப இங்க இல்ல மேடம். பதவி உயர்வுல மாற்றலாகிப் போயிட்டார். அன்னிக்கே அவர் பேரை மெஷின்லேருந்து எடுத்துட்டாங்களே!"

"பேரைத்தான் எடுத்தாங்க. அவர் விரல் உங்க பேர்ல குடியிருந்துச்சு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, உங்களை வாயைத் திறக்க வேண்டாம்னு சொன்னது யாரு?"

"அதை அவர் நல்ல மனசோடதான் சொன்னார். 'விரல் விஷயம் வெளிய வந்தா இந்த ஆபீஸே வீட்டுக்குப் போகும்மா. நீ ஒருத்தி தாங்கிக்கிட்டா மத்தவங்க குடும்பமாவது பிழைக்கும்'னார்."

"நீங்க எல்லாரும் பஞ்சு வெச்சுப் பாதுகாத்த ரகசியம், அந்த நல்ல மனசுக்காரருக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

அழுகை நின்றுவிட்டது. அவள் கண்கள் மெதுவாக அகன்றன. அண்ணியின் காதில் குனிந்து எதையோ சொன்னாள். கொழுந்தன் காதைத் தீட்டிக்கொண்டு எட்டினான். அந்தப் பாழாய்ப்போன நகல் இயந்திரம் அந்த நேரம் பார்த்துத்தான் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

*

இன்ஸ்பெக்டர் வந்தபோது நடையில் அலுவலகமே கூடியிருந்தது. மண்டல இயக்குநரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சட்டத்தின் கடமையைப் பார்க்க வந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வரவேற்பு பெஞ்சில் மாமியார் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். பூட்டு சார் தன் பூட்டையும் விசாரணை அறிக்கையையும் ஏந்தி வந்தார்.

"நான் தோத்துட்டேன் சார்" என்றாள் அண்ணி. கொழுந்தனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்க மெஷினை ஏமாத்த முடியாதுன்னு ஒத்துக்கறேன். இன்ஸ்பெக்டர் திருப்திக்கு ஒரே ஒரு பரிசோதனை. முன்பின் தெரியாதவங்க விரலை அது தள்ளிவிடணும் இல்லையா? உங்களை இந்த மெஷினுக்குத் தெரியாது. ஒரு தடவை வெச்சுக் காட்டுங்க. 'மன்னிக்கவும்'னு சொன்னா நான் வீட்டைப் பார்க்கப் போயிடறேன்."

பூட்டு சார் பெருந்தன்மையோடு புன்னகைத்தார். ஆள்காட்டி விரலை வைத்தார்.

"மன்னிக்கவும். தங்களை அடையாளம் தெரியவில்லை."

"பார்த்தீங்களா?"

"அடுத்த விரல் சார்."

நடுவிரல். மன்னிக்கவும். மோதிர விரல். மன்னிக்கவும். சுண்டுவிரல். மன்னிக்கவும். ஒவ்வொன்றுக்கும் அவர் புன்னகை கொஞ்சம் சுருங்கியது. பிறகு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"போதும். எனக்கு வேலை இருக்கு."

"நாலு விரலும் தைரியமா முன்னால வந்துச்சு. கட்டைவிரலுக்கு மட்டும் என்ன சார் வெட்கம்?" என்றான் கொழுந்தன்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "வைங்க சார்" என்றார்.

பைக்குள்ளிருந்து கை வருவதற்கு நேரம் பிடித்தது. கட்டைவிரல் இயந்திரத்தின் கண்ணாடியைத் தொட்டதும், தேன் குரல் உள்ளன்போடு வரவேற்றது.

"வணக்கம், அனுமதி அலுவலர்!"

கதவும் பணிவாகத் திறந்தது.

"இவர் முன்னால இங்க உதவியாளரா இருந்தவர்" என்றாள் அண்ணி. "அதான் அந்த அடம்பிடிக்கிற கதவை எங்கே தட்டணும்னு கால் மறக்கலை. எல்லாரையும் இருட்டுல உட்கார வெச்சுட்டு, போன் வந்துச்சுன்னு வெளிய வருவார். இவங்க மேஜைக்குப் போய்க் கட்டைவிரலை வைப்பார். பாதுகாப்பு வகுப்பு நடக்கிற நேரத்தைவிடப் பாதுகாப்பில்லாத நேரம் இந்தக் கட்டடத்துல கிடையாது."

"இயந்திரம் பழுது!" என்று கத்தினார் பூட்டு சார். "இது சுத்தமாப் பழுது!"

"அப்படியா? பழுதுபட்ட மெஷின் சொன்னதை வெச்சு இந்த அம்மாவை எப்படிக் கூட்டிட்டுப் போறது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வேண்டாம்! விட்டுடுங்க! பாவம், அவங்க மேல தப்பே இல்ல. எல்லாம் மெஷின் கோளாறு. நான் கைப்பட எழுதித் தந்துடறேன்."

நடையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அனுமதி அலுவலர் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவளுக்கு விடுதலை. மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர்கள் வேலைக்கும் ஆபத்தில்லை. கூடவே பூட்டு சாரும் தன் பூட்டைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறிவிடுவார். ஐந்து பேருக்குப் பிறகு ஆறாவது ஆள் ஏதோ ஊரில் வேறொரு பெண்ணின் மேஜையில் பாஸ்போர்ட் வாங்குவான்.

அண்ணி எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள். கொழுந்தனுக்குக்கூட ஒரு கிண்டலும் தோன்றவில்லை.

முத்திரை அக்கா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மெஷினுக்கு ஒரு கோளாறும் இல்லைங்க" என்றாள். மோதிர விரலை வைத்தாள்.

"வணக்கம், கோப்புப் பிரிவு!"

"இது என் விரல். அவர் பொண்ணை ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டுட்டு வர்றதுக்குள்ள நான் அவருக்காக வைப்பேன். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஆனா மெஷின் பழுதுன்னு சொல்லி இந்த ஆளை அனுப்பிடாதீங்க. அவ வீட்டுல சோறு இறங்காம கெடந்தா, நாங்க வேலை போயிடும்னு வேடிக்கை பார்த்துக்கிட்டு நின்னோம்."

கோப்புப் பிரிவுக்காரர் இருமிக்கொண்டே வந்தார். "வணக்கம், கணக்குப் பிரிவு!" கணக்குப் பிரிவுப் பெண் வந்தாள். "வணக்கம், அச்சுப் பிரிவு!" பிறகு ஒரு வரிசையே நின்றது. தேன் குரல் சளைக்காமல் ஒவ்வொருவரையும் இன்னொருவராக வரவேற்றது. கண்ணாடிக் கதவு திறப்பதும் மூடுவதுமாகக் களைத்தது.

பூட்டு சாரின் கையிலிருந்து அறிக்கையை வாங்கிய இன்ஸ்பெக்டர் முதல் பக்கத்தைப் படித்தார். "'விரல் ரேகை பொய் சொல்லாது.' நீங்களே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கீங்க. நடங்க சார்."

மண்டல இயக்குநர் தொண்டையைச் செருமினார். "இது அப்பட்டமான மோசடி. விரல் கொடுத்தவங்க, வாங்கினவங்க, அத்தனை பேரையும் இன்னிக்கே பணிநீக்கம் செய்யறேன். யாருக்கும் தயவு தாட்சண்யம் கிடையாது!"

வரிசையில் ஒருவர் பாக்கி. காவலாளி தயங்கித் தயங்கி வந்து, "மன்னிச்சுக்குங்க ஐயா" என்று இயக்குநரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, இடது கட்டைவிரலை வைத்தார்.

"வணக்கம், மண்டல இயக்குநர்!" என்றது இயந்திரம்.

இயக்குநரின் முகம் பல நிறங்களுக்குப் போய்த் திரும்பியது.

"இருந்தாலும்," என்றார் அவர், "இதை நாம மனிதாபிமானத்தோட அணுகணும். எல்லாரும் விரலைப் புதுசா, அவங்கவங்க விரலைப் பதியுங்க. ஒரு எச்சரிக்கை போதும்."

"சட்டம் ரொம்பச் சீக்கிரம் கடமையை முடிச்சிடுச்சே அண்ணி" என்றான் கொழுந்தன்.

*

புதிதாகப் பதியும்வரை கதவைத் திறக்க எந்த விரலையும் நம்புவதற்கில்லை என்பதால், காவலாளி அதைத் திறந்தே வைத்தார். முட்டுக் கொடுக்க வாகாக ஒன்று கிடைத்தது. பூட்டு சார் விட்டுப்போன பித்தளைப் பூட்டு.

திறந்த கதவு வழியாக மாமியார் உள்ளே வந்தாள். மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தாள். எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணுகிறாள் போலிருந்தது.

"ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் விரலைக் குடுத்திருக்கா. எனக்கு ஒரு பீரோ சாவி குடுக்க மட்டும் மனசு வரலை" என்றாள் அண்ணியிடம், சபை அறியும் குரலில்.

மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கைப்பையைத் திறந்து, துழாவி, சாவியை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க அத்தை."

மாமியார் கையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நீயே வெச்சுக்க தாயே. நாளைக்கு ஏதாவது காணாம போச்சுன்னா முதல்ல என்னைத்தான் பிடிப்பாங்க."